நூற்றிருபது பிராந்தி இதயங்கள்

பெல் ஏரி, விஸ்கான்சின்
12 அக்டோபர் 1993

அன்புள்ள லுவெல்லாவுக்கு,

அண்ணி எழுதுவது. என் இடது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. உன் காது எப்படி இருக்கிறது? டுவேனின் இருமல் அந்த அரிசோனா வெயிலுக்காவது பயந்ததா?

இங்கே இலையெல்லாம் கொட்டிவிட்டது. படகுகளைக் கரையேற்றிக் கவிழ்த்தாகிவிட்டது. தேவாலயத்தில் ஆர்கனுக்கு ஒரு கட்டை அமுங்கி எழும்பாமல் இருக்கிறது, அதைத் தவிர்த்து வாசிக்கப் பழகிவிட்டேன்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். நீ அந்த விருந்து விடுதியில் பாரைக் கவனித்துக்கொண்டிருந்த இருபத்திரண்டு வருஷமும், காதலர் தினத்தன்று சாப்பிட வருகிற ஒவ்வொரு ஜோடிக்கும் தட்டில் இரண்டு வைப்பாயே, இதய வடிவத்தில், பிராந்தி போட்ட சிவப்பு ஜெல்லி. அதன் செய்முறையை எழுதி அனுப்பு. அவசரம் ஒன்றுமில்லை, ஆனால் சீக்கிரம் அனுப்பு.

டுவேனுக்கு என் அன்பு.

அண்ணி,
ஆர்டிஸ்


மேசா, அரிசோனா
23 அக்டோபர் 1993

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். டுவேன் இருமுவதில்லை, அதற்குப் பதில் பேசிக்கொண்டே இருக்கிறார். எனக்கு வலது காது முழுக்கப் போய்விட்டது, அதனால் அவரை என் வலது பக்கமாக உட்கார வைத்திருக்கிறேன்.

செய்முறை இதோ. செர்ரி ஜெல்லித் தூள் ஒரு பொட்டலத்துக்கு ஒரு கப் கொதிக்கும் தண்ணீர். கூடவே வாசனையில்லாத ஜெலட்டின் ஒரு ஸ்பூன். அது இல்லாவிட்டால் அச்சு வைத்து வெட்டும்போது குழையும். பிறகு அரை கப் பிராந்தி, அரை கப் எலுமிச்சை சோடா, கசப்புச் சாறு மூன்று சொட்டு. தட்டில் ஊற்றி, வெட்டப்போகிற இடத்திலெல்லாம் பாதி செர்ரி வைத்து, நாலு மணி நேரம் குளிர வையுங்கள். அவ்வளவுதான்.

இப்போது என் முறை. கிறிஸ்துமஸ் கேக்கில் ஒரு மூடி ரம் ஊற்றினாலே ஜன்னலைத் திறக்கிறவர் நீங்கள். லூத்தரன் சர்ச் ஆர்கன்காரி அக்டோபர் மாதத்தில் பிராந்தி ஜெல்லியைக் கேட்டால் எனக்குத் தூக்கம் வருமா? யாருக்கு? எதற்கு? எத்தனை பேருக்கு? "அண்ணிக்கு என்னமோ ஆகிப்போச்சு" என்று டுவேனிடம் சொன்னேன். "நல்லதாத்தான் ஆகியிருக்கும், விடு" என்கிறார். விடுகிற ஆளா நான்.

பதிலில் எல்லாவற்றையும் எதிர்பார்க்கும்,
லுவெல்லா


பெல் ஏரி
8 நவம்பர் 1993

அன்புள்ள லுவெல்லாவுக்கு,

நீங்கள் இருவரும் சுகமாக இருப்பதில் சந்தோஷம். முழங்காலுக்கு வெந்நீர்ப் பை கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பிராந்தி வாங்கப் போனேன். அறுபத்தொரு வயதில் முதல் தடவையாக அந்தக் கடைக்குள் கால் வைக்கிறேன். கடைக்காரர், "வழி தவறி வந்துட்டீங்களா ஆர்டிஸ்?" என்றார். "இல்ல, பிராந்தி குடுங்க" என்றேன். "எந்த பிராந்தி?" என்றார். அதில் வகை இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. "கல்யாணத்துக்கு எது குடுப்பீங்களோ அது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அதனால் அவருக்குத் தெரிந்த பிறகு உனக்குத் தெரியாமல் இருப்பது நியாயமில்லை. லுவெல்லா, நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். வருகிற பிப்ரவரி பதினான்கு, திங்கட்கிழமை. அன்றைக்கு லவோனின் பாருக்கு விடுமுறை, அதனால் கூடம் முழுக்க நமக்குத் தருகிறாள். அறுபது பேர், தலைக்கு இரண்டு ஜெல்லி.

முதல் முயற்சியில் பிராந்தியைக் கொதிக்கிற பாத்திரத்திலேயே ஊற்றினேன். குப்பென்று ஆவி கிளம்பிக் கண் எரிந்தது. அந்த நேரம் பார்த்துப் பாதிரியார் பாட்டுப் புத்தகம் வாங்க வந்து நின்றார். மோந்து பார்த்துவிட்டு, "ஜலதோஷமா?" என்று மட்டும் கேட்டார். இரண்டாவது முயற்சியில் ஆற வைத்துத்தான் ஊற்றினேன், ஆனால் கல்யாணமாயிற்றே என்று அரை கப்பை ஒரு கப் ஆக்கினேன். இரண்டு நாள் ஆயிற்று, இன்னும் சூப்பாகத்தான் இருக்கிறது. ஏன் அப்படி?

இன்னொன்று கேட்கிறேன், நிதானமாகப் படி. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. உன் அண்ணன் ஹார்லன் போன பிறகும் நீ என்னை அண்ணி என்றே கூப்பிடுகிறாய். அன்றைக்குப் பெண்ணின் தோழியாக என் பக்கத்தில் நீதான் நிற்க வேண்டும். நீ நிற்கமாட்டாய் என்றால் நானும் போய் நிற்க மாட்டேன். இதை அவரிடமும் சொல்லிவிட்டேன், சரி என்றார்.

பெயரை இப்போது கேட்காதே.

அண்ணி,
ஆர்டிஸ்


மேசா
19 நவம்பர் 1993

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். டுவேன் ஓடிவந்து, "யாரு செத்துட்டா?" என்றார். "யாரும் சாகல. அண்ணி கல்யாணம் பண்ணிக்கப் போறாங்க." "அதுக்கா இப்படி அழுவாங்க? அந்தாளுக்காக அழுவுறியா?" என்று கேட்டு என்னைச் சிரிக்க வைத்தார்.

நிற்பேனா என்று கேட்கிறீர்கள். டிக்கெட்டே வாங்கிவிட்டேன். பிப்ரவரி பன்னிரண்டு, சனிக்கிழமை, மதியம் ஒன்றேமுக்காலுக்கு மினியாபொலிஸில் வந்து இறங்குகிறேன். டுவேன் வரமாட்டார், அந்தக் குளிர் அவர் நெஞ்சுக்கு ஆகாது. அண்ணன் போய் ஒன்பது வருஷம் ஆகப்போகிறது. அந்த வீட்டில் நீங்கள் ஒருத்தியாக உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்ற நினைப்பு எனக்குத் தினமும் வரும். இனி வராது.

ஜெல்லி ஏன் உறையவில்லை என்றால், சாராயம் கூடினால் ஜெலட்டின் தோற்றுவிடும். அரை கப்புக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. அன்பைக் காட்ட வேண்டுமானால் இன்னொரு தட்டு செய்யுங்கள். பிராந்தி ஊற்றுமுன் ஆற வைக்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. அது எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்தது என் தப்பு.

இனி பெயர். கேட்காதே என்றால் ஊகிக்கக் கூடாது என்று அர்த்தமில்லை. முடிவெட்டுகிற குஸ்தாவா? அவர் காது ஓரத்தில் எப்போதும் கொஞ்சம் விட்டுவிடுவார், ஆனால் நல்லவர். தபால் நிலையத்து எமிலா? பாதிரியாரே தானா? மோந்து பார்த்தும் திட்டாமல் போனார் என்றீர்களே. யாராக இருந்தாலும் எனக்குச் சம்மதம். ஒரே ஒரு ஆளைத் தவிர. அண்ணனோடு ஏரிப் பனிமேல் போய், அண்ணன் இல்லாமல் திரும்பி வந்தானே, அந்த நார்பர்ட். அது நடக்காத விஷயம், விளையாட்டுக்குத்தான் எழுதுகிறேன்.

ஆசையோடு,
லுவெல்லா


பெல் ஏரி
6 டிசம்பர் 1993

அன்புள்ள லுவெல்லாவுக்கு,

டுவேனுக்கு உடம்பு தேவலையா? நீ வருகிற நாளுக்குள் உன் அறையில் புதுத் திரை போட்டுவிடுவேன். முழங்கால் அப்படியே இருக்கிறது.

ஜெல்லி உறைந்துவிட்டது. அரை கப் பிராந்திதான், ஒரு சொட்டும் கூடுதல் இல்லை. தட்டைச் சாய்த்தேன், அசையவில்லை. விரலால் தட்டினேன், நடுங்கிவிட்டு நின்றது. இந்த வயதில் ஒரு தட்டு ஜெல்லியை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். தண்ணீர் எந்த நிமிஷத்தில் தண்ணீராக இருப்பதை விடுகிறது? பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்து பார்த்தேன், அந்த நிமிஷம் மட்டும் கையில் சிக்கவில்லை. உனக்கு எப்போதாவது சிக்கியிருக்கிறதா?

அச்சு வைத்து வெட்டினால் ஒரு தட்டுக்கு இருபத்துநாலு இதயம் வருகிறது. ஐந்து தட்டு போட்டால் கணக்கு சரி. ஆனால் வெட்டிய பிறகு மிஞ்சுகிற ஓரங்கள் ஒரு கிண்ணம் நிறைய இருக்கின்றன. அவர் வந்தபோது கிண்ணத்தை ஒளிக்கப் போனேன். "குடுங்க, எனக்கு ஓரம்தான் பிடிக்கும்" என்று ஸ்பூன் போட்டுச் சாப்பிட்டார். வீட்டுக்குப் போகும்போது மட்டும், "கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போறேன், தலை லேசா இருக்கு" என்றார்.

அவரைப் பற்றி ஏதாவது சொல் என்பாய். ஹார்லன் இறந்த அதே வருஷம் இலையுதிர் காலத்தில், வெளியூர் போய்த் திரும்பினால் வீட்டுக்குப் பின்னால் யாரோ விறகு பிளந்து அடுக்கியிருந்தார்கள். ஒரு குளிர்காலத்துக்குப் போதுமானது. யாரென்று தெரியவில்லை. அடுத்த வருஷமும் அப்படியே. நாலாவது வருஷம், ஊருக்குப் போகிறேன் என்று சர்ச்சில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு, திரையை மூடிக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். பிடிபட்டார். "காபி குடிக்கிறீங்களா?" என்றேன். "காலில் சேறு" என்றார். உள்ளே வர அவருக்கு இன்னொரு வருஷம் ஆயிற்று.

உன் அண்ணனைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு குறை வந்ததில்லை.

அண்ணி,
ஆர்டிஸ்


மேசா
20 டிசம்பர் 1993

அன்புள்ள அண்ணிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து. நாங்கள் சுகம். எங்கள் வீட்டு மரத்து ஆரஞ்சு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். ஒன்றைப் பிழிந்து சோடாவோடு கலந்து பாருங்கள், கடைச் சாறு பக்கத்தில் வராது. அன்னாசியை மட்டும் பச்சையாகப் போட்டுவிடாதீர்கள், அது ஜெலட்டினைத் தின்றுவிடும். ஏன் என்று எனக்கும் தெரியாது. அந்த நிமிஷமும் எனக்குச் சிக்கியதில்லை, இருபத்திரண்டு வருஷம் பார்த்தவள் நான்.

நான் ஒன்பது கேள்வி கேட்டால் நீங்கள் இரண்டுக்குப் பதில் எழுதுகிறீர்கள். குஸ்தாவைப் பற்றியும் எமிலைப் பற்றியும் எழுதியதைக் கண்டுகொள்ளவே இல்லை. அதனால் உங்களுக்குத் தெரியாமல் லவோனுக்கு எழுதிக் கேட்டேன். அந்தக் கள்ளி ஒரே வரியில், "என் பாரில் கேட்டது என் பாரோடு, ஆனால் நல்ல ஜோடி" என்று அனுப்பியிருக்கிறாள். ஆக, ஊருக்கே தெரியும், எனக்குத்தான் தெரியாது.

பரவாயில்லை. உங்கள் விறகுக்காரரை எனக்கு இப்போதே பிடித்துவிட்டது. டுவேனுக்கு அந்தப் பகுதியைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "நாலு வருஷம் பேசாம விறகு வெட்டினானா? நான் நாலாவது நாளே உன்கிட்ட காபி கேட்டேன்" என்றார். பேரைச் சொல்லாவிட்டாலும் என் வாழ்த்தை அவரிடம் சொல்லுங்கள். அண்ணன் இருந்திருந்தால் அவனுக்கும் இவரைப் பிடித்திருக்கும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

லுவெல்லா


பெல் ஏரி
20 ஜனவரி 1994

அன்புள்ள லுவெல்லாவுக்கு,

ஒரு மாதம் எழுதாமல் இருந்ததற்குக் கோபிக்காதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் ஆரஞ்சு வந்தது, தித்தித்தது. உன் வாழ்த்தை அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து அடுப்புக்கு விறகு வைக்கப் போய்விட்டார்.

இங்கே குளிர் மைனஸ் முப்பதைத் தொட்டுவிட்டது. பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள். திங்கட்கிழமை ஒத்திகையாக ஐந்து தட்டும் செய்து பார்த்தேன். ஃபிரிட்ஜில் இடமில்லை. இங்கே குளிர்காலத்தில் இடமில்லாவிட்டால் யாரும் யோசிக்க மாட்டோம் இல்லையா, பின்கதவைத் திறந்து தாழ்வாரத்தில் வைத்துவிட்டு வருவோம். வான்கோழி, பீர், கேக் எல்லாம் அங்கேதானே வைக்கிறோம். அப்படியே ஜெல்லித் தட்டுகளையும் வைத்தேன். பிராந்தி உறையாது என்று ஒரு தைரியம் வேறு.

காலையில் ஐந்தும் கல்லாகிவிட்டன. அடுப்படியில் கொண்டுவந்து வைத்தேன். இளகியதும் சிவப்புத் தண்ணீர் தனியாக, நார் நாராக உடைந்த ஜெல்லி தனியாக. மறுபடி ஃபிரிட்ஜில் வைத்தும் கூடவில்லை. ஒரு தடவை நன்றாகப் பிடித்திருந்தது, அப்புறம் ஏன் பிடிக்கவில்லை? அவர் வந்து பார்த்துவிட்டு, "சாப்பிட முடியுமா?" என்றார். "ஸ்ட்ரா போட்டுக் குடிக்கணும்" என்றேன்.

இன்று அவர் வரத் தாமதமாகிவிட்டது, காபியும் ஆறிவிட்டது. ஊரில் எல்லாரும் பழைய கிறிஸ்துமஸ் மரங்களை ஏரிப்பனியில் வரிசையாக நட்டு வழி போட்டுவிட்டார்கள். அக்கரையிலிருந்து வண்டியில் ஐந்து நிமிஷம். இவர் மட்டும் பதினோரு மைல் ரோட்டைச் சுற்றித்தான் வருவார்.

இனி ஐந்து தட்டும் புதிதாகச் செய்ய வேண்டும். எங்கே வைப்பது என்று சொல்.

ஆர்டிஸ்


மேசா
25 ஜனவரி 1994

அண்ணிக்கு,

ரோட்டைச் சுற்றி வருகிறார் என்ற அந்த வரியை ஆறு தடவை படித்தேன். ஜனவரியில் பெல் ஏரியைச் சுற்றி வருகிற ஆள் ஒருத்தன்தான். அண்ணன் போனதிலிருந்து அவன் பனியில் கால் வைப்பதில்லை என்று லவோனே எனக்கு ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். நன்றாக இருக்கட்டும் என்று அப்போது நினைத்தேன்.

நான் அந்த ஆளுக்கு வாழ்த்து வேறு சொல்லி அனுப்பியிருக்கிறேன். அண்ணனுக்குப் பிடித்திருக்கும் என்று எழுதித் தொலைத்திருக்கிறேன். நீங்களும் அதைப் போய்ச் சொல்லியிருக்கிறீர்கள்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழறையில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவனிடம் என்ன கேட்டேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நீங்கள் காபிக் கூஜாவோடு பக்கத்தில்தான் நின்றீர்கள். "அந்தப் பனியில யாரு யாரைக் கூட்டிட்டுப் போனது?" என்றேன். "நான்தான் கூப்பிட்டேன்" என்றான். அவன் வாயால் சொன்னது. "அப்ப வெளியே போ" என்றேன். தட்டை வைத்துவிட்டுப் போனான். அந்தக் கேள்விக்கு அவன் வேறு பதில் சொல்லியிருந்தால் நான் இன்றைக்கு இதை எழுத வேண்டியதில்லை.

என்னால் வந்து நிற்க முடியாது. நான் நிற்காவிட்டால் கல்யாணம் இல்லை என்று என் தலையில் கட்டியது நீங்கள், நானில்லை. போன் செய்யாதீர்கள். எனக்குக் காது கேட்காது, கேட்டாலும் இதைக் கேட்க மாட்டேன்.

ஜெல்லி ஒரு தடவை உறைபனி பட்டால் உள்ளே பிடித்து வைத்திருப்பது அறுந்துவிடும். பிறகு ஒன்றும் செய்ய முடியாது. புதிதாகச் செய்வதானால் சுற்றுலாவுக்குக் கொண்டுபோகிற குளிர்பெட்டியில், ஐஸ் போடாமல், தட்டுகளை அடுக்கி மூடி நிலவறையில் வையுங்கள். இதை ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

லுவெல்லா


பெல் ஏரி
30 ஜனவரி 1994

அன்புள்ள லுவெல்லாவுக்கு,

நீ சுகமா என்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

சுற்றி வருகிறார் என்று எழுதியது தவறி வந்ததா, வேண்டுமென்றே எழுதினேனா என்று எனக்கே நிச்சயமில்லை. உன் கடிதத்தை நார்பர்ட்டிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அவ சொல்றது சரிதானே. கூட இருந்தது நான்தானே" என்றார். "நான் அவளுக்கு எழுதிடப் போறேன்" என்றேன். "வேண்டாம். அவ அண்ணன் பக்கத்துல அவளுக்கு மிச்சம் நீங்க ஒருத்திதான். உங்களையும் ஏன் அவ இழக்கணும்" என்றார். இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சை நான் கேட்கப்போவதில்லை.

உனக்குத் தெரியும், உறைந்த ஏரிமேல் நிறுத்திய மீன்பிடிக் குடிசைகளை மார்ச் முதல் வாரத்துக்குள் கரைக்கு இழுத்துவிட வேண்டும். இழுக்காதவர்களின் பெயரை ஏரிக் காவல் வார்டன் பார் கதவில் ஒட்டுவார். இரண்டு வருஷமாக அதில் கடைசிப் பெயர் எங்களுடையது. மூன்றாவது வருஷமும் ஒட்டிவிட்டார்கள். ஒன்பதாம் தேதி சனிக்கிழமை, பனி இளகுகிற மாதிரி கதகதப்பான வெயில். ஹார்லன் செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் என்றார். நான் விடவில்லை. "நாளைக்கு ஆராதனையில எந்த முகத்தை வச்சுக்கிட்டு ஆர்கன் வாசிக்கிறது? இன்னைக்கே இழுத்துட்டு வாங்க" என்றேன். அவர் நார்பர்ட்டுக்குப் போன் செய்தார். நார்பர்ட் வேண்டாம் என்று சொல்கிறார் என்பது முகத்தைப் பார்த்தே தெரிந்தது. போனைப் பிடுங்கினேன். "செவ்வாய்க்கிழமை குளிர் திரும்புதாம் ஆர்டிஸ், அதுவரைக்கும் பொறுங்க" என்றார். "ரெண்டு பேருக்கும் வேலை செய்ய வலிக்குது, அதுக்கு ஒரு சாக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தனியாக விட மனமில்லாமல்தான் நார்பர்ட் வந்தார். மற்றது உனக்குத் தெரியும்.

கீழறையில் நீ அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் என்னைப் பார்த்தார். நான் கூஜாவைப் பார்த்தேன். அப்புறம்தான் அவர் "நான்தான்" என்றார். எனக்கு வாய் இருந்தது, லுவெல்லா. யாருக்கும் காபி வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனேன். அன்றிலிருந்து நீ என்னை அண்ணி என்று எழுதுகிற ஒவ்வொரு கடிதமும் எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், பிரிக்கப் பயமாகவும் இருக்கும். உன்னை இழந்துவிடுவேன் என்ற பயத்தில் ஒன்பது வருஷம் அந்த மனிதரை நீ வெறுக்கும்படி விட்டேன்.

இப்போது உனக்குத் தெரியும். வருவதும் வராததும் உன் இஷ்டம். நீ வராவிட்டால் திங்கட்கிழமை லவோனின் கூடம் பூட்டியே இருக்கும், அதில் மாற்றமில்லை. தட்டுகளை நீ சொன்னபடி நிலவறையில் வைக்கக் குளிர்பெட்டியைத் துடைத்து வைத்திருக்கிறேன். பிராந்தியை இன்னும் திறக்கவில்லை.

ஆர்டிஸ்


மேசா
6 பிப்ரவரி 1994

நார்பர்ட்டுக்கு,

உங்களுக்குக் கடிதம் எழுதும் நாள் வரும் என்று நான் நினைத்ததில்லை, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நாலு தாளைக் கிழித்துவிட்டேன். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் இருவரும் சுகம்.

அண்ணி எல்லாவற்றையும் எழுதிவிட்டார்கள். எழுத வேண்டாம் என்று நீங்கள் சொன்னதையும் எழுதினார்கள். அவர்களுக்கும் எனக்கும் இருப்பதை நாங்கள் நேரில் பேசிக்கொள்கிறோம், அது ஒரு காபியில் முடியாது. ஐந்து தட்டையும் சனிக்கிழமைக்குள் செய்துவிட வேண்டாம், நான் வந்து சேர்ந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து செய்யலாம் என்று மட்டும் சொல்லுங்கள். பிராந்தியை அவர்கள் கையில் விட எனக்கு நம்பிக்கை இல்லை.

உங்கள் மேல் கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். போகவில்லை, அது வேறு இடத்துக்கு மாறியிருக்கிறது. செய்யாததைச் செய்தேன் என்று ஏன் சொன்னீர்கள்? அவர்களுக்காகச் சொன்னீர்கள், சரி. நான் உங்களிடமிருந்து என்ன இழந்தேன் என்று யோசித்தீர்களா?

அண்ணனின் கடைசி நாள் காலைப்பொழுது எப்படி இருந்தது என்று சொல்ல இந்த உலகத்தில் உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. ஒன்பது வருஷமாக எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, கேட்க வேண்டிய ஆளை நானே கதவுக்கு வெளியே அனுப்பியிருந்தேன். வண்டியில் ஏறியதும் என்ன சொன்னான்? எதைப் பற்றிப் பேசிக்கொண்டு போனீர்கள்? சிரித்தானா? அந்தப் பச்சைத் தொப்பியைப் போட்டிருந்தானா, தலை வேர்க்கிறது என்று கழற்றி வைத்திருந்தானா? குடிசைக்குள் கடைசியாக ஒரு தடவை தூண்டில் போட்டுப் பார்த்திருப்பான், அவனுக்கு அது இல்லாமல் முடியாது. ஏதாவது கிடைத்ததா?

பனி உடைந்ததைப் பற்றி நான் கேட்கவில்லை. அதற்கு முன்னால் இருந்த மணி நேரங்கள்தான் எனக்கு வேண்டும்.

சனிக்கிழமை ஒன்றேமுக்காலுக்கு விமானம் வந்துவிடும். அண்ணி வர வேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள். எனக்கு இடது காதுதான் கேட்கும், அதனால் ஓட்டுகிற உங்களுக்கு வலது பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொள்கிறேன். வீடு வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும். நான் ஒன்றும் பேச மாட்டேன். நீங்கள் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வாருங்கள்.

ஹார்லனின் தங்கை,
லுவெல்லா